கை பட்ட இடம்

என் பட்டறையின் பின்கட்டில் ஒரு ஐஸ்பெட்டி கிடக்கிறது. குளுவாங்கில் மீன் விற்றவர் ஒருவர் கடையை மூடியபோது பழைய விலைக்கு வாங்கியது. ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். எத்தனை முறை கழுவினாலும் மழை நாளில் மூடியைத் திறந்தால் கெம்போங் மீன் வாடை லேசாக வரும். அதற்குள் நான் வைப்பது கித்தாரை. கழுத்தையும் கம்பிகளையும் கழற்றிவிட்டு வெறும் உடலை மட்டும். புதிதாக நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்து, ஒரு மாதம் காயவிட்டு, பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்து ரெங்கத்து மத்தியான வெக்கையில் மேசைமேல் கிடத்தினால் சத்தம் வரும். சுவர்ப் பல்லி நாக்கடிப்பது போல டிக், டிக் என்று. லாக்கர் வெடிக்கிறது. தலைமயிர் விழுந்தது போன்ற கோடுகள் உடலின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

குளிர்நாட்டில் இந்தக் கோடுகள் விழ முப்பது, நாற்பது வருஷம் ஆகும். பனிக்காலத்தில் கித்தாரை வண்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்ததும் கணப்பு எரியும் கூடத்தில் பெட்டியைத் திறப்பார்கள். மரம் ஒரு கணக்கில் சுருங்கி விரியும், மேலே உள்ள லாக்கர் வேறு கணக்கில். இரண்டுக்கும் ஒத்துப்போகாதபோது மெல்லியது வெடிக்கிறது. ரெங்கத்தில் அப்படி நடக்க வழியில்லை. இங்கே விடியற்காலையில் 23 டிகிரி, மத்தியானம் 33. வருஷம் முழுக்க இந்தப் பத்து டிகிரிக்குள்தான் எங்கள் வாழ்க்கை. இந்த ஊரில் ஐம்பது வருஷம் கிடந்த கித்தாரில் லாக்கர் பிசுபிசுக்கும், மங்கும், பூசணம் பூக்கும். பனிக்கோடு விழாது.

அதனால் யாராவது ஒரு கித்தாரைக் காட்டி, "அண்ணே, இது தோட்டத்துலயே கெடந்த பழைய சாமான்" என்று சொல்லும்போது, நான் முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். கோடு இருந்தால் ஒன்று, அது குளிர்நாட்டில் இருந்து வந்திருக்க வேண்டும்; அல்லது என்னைப்போல் யாரோ ஐஸ்பெட்டி வைத்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான் வரும்: தேய்மானத்துக்கு ஒரு காரணம் வேண்டும், ஓர் ஊரும் வேண்டும்.

எங்கள் ஊர் ரெங்கம், மலேசியாவின் ஜொகூரில் ரயில் பாதையை ஒட்டிய சின்னப் பட்டணம். வடக்கே குளுவாங், தெற்கே லாயாங் லாயாங், அதையும் தாண்டிப் போனால் கூலாய், ஜொகூர் பாரு. இதைச் சிம்பாங் ரெங்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது மேற்கே இருக்கிற வேறு ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா பால்வெட்டுக்காரர். காலை ஐந்தரைக்குப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மரம், பதினொரு மணிக்கு மேல் வாளியோடு பால் ஸ்டோர். பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தை மலாய்க்காரர்கள் சுக்கா கெத்தா என்பார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அந்த நெடி அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். அதே அமிலத்தைப் பின்னால் நான் என் தொழிலுக்கு எடுத்துக்கொள்வேன் என்று அப்போது தெரியாது.

கித்தார் தோட்டத்துக்கு எப்போது வந்தது என்று வயதானவர்களைக் கேட்டால் கிளிஃப் ரிச்சர்டைச் சொல்வார்கள். 1961இல் அவரும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அடுத்த சில வருஷங்களில் மலாயா முழுக்க 'குகிரான்' குழுக்கள் முளைத்தன. கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்பதன் சுருக்கம் அது. துடிப்பான கித்தார்க் குழு என்று பொருள். பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள், லோகநாதனும் டேவிட்டும், அலிகேட்ஸ் குழுவைத் தொடங்கியது 1960களின் கடைசியில். நம் பிள்ளைகள் இருவர் நாடே பாடும் மலாய்ப் பாட்டுகளைப் பாடியது தோட்டத்தில் பெரிய விஷயம். கோயில் திருவிழா என்றால் மெல்லிசைக் குழு வேண்டும், மெல்லிசை என்றால் ஒரு கித்தாராவது வேண்டும் என்று ஆகிவிட்டது. பிறகு 1980இல் 'மூடுபனி' வந்தது. அந்தப் படத்தின் கித்தார்ப் பாட்டு இன்றைக்கும் என் பட்டறையில் வாரம் ஒரு முறையாவது கேட்கும். பழுது பார்த்த கித்தாரை வாங்கியதும் தமிழ்ப் பையன்கள் சோதித்துப் பார்ப்பது அதன் தொடக்கத்தை வைத்துத்தான். அறுபது வயதுக்காரர்களும் அப்படித்தான்.

தோட்டத்தில் கிடைத்த கித்தார் ஒன்றே ஒன்று, காப்போக். சீனாவின் குவாங்சோவில் செய்தது. காப்போக் என்றால் இலவ மரம். செவ்விலவம்பூ அந்த நகரத்தின் பூ. இங்கே மலாயில் இன்றும் சாதாரண அக்கூஸ்டிக் கித்தாருக்கே கித்தார் காப்போக் என்றுதான் பெயர். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் சரி. ஒட்டுப்பலகை, கனத்த கழுத்து, விரல் வெட்டுகிற கம்பி உயரம். நான் கற்றதும் அதில்தான். மூன்றாவது வீட்டு அண்ணன் வைத்திருந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு அவருடைய அம்மா எனக்குத் தருவார், அவர் திரும்புவதற்குள் ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

1984இல் குளுவாங் பக்கம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் லாக்கர் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேசை, நாற்காலி, கட்டில் எல்லாம் ரப்பர் மரம். பால் வற்றிய மரத்தை வெட்டி எரித்துக்கொண்டிருந்த நாடு, அதைப் பலகையாக்கிக் கப்பலேற்றத் தொடங்கியிருந்த காலம். அப்பா இருபத்தைந்து வருஷம் வெட்டிய மரங்களுக்கு நான் மெருகு போட்டேன். அங்கே கற்றது இரண்டு. ஒன்று, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் குணம். ஒரு கை, இன்னொரு கை என்று மெல்ல மெல்ல ஏற வேண்டும். ஒவ்வொரு கையும் கீழே இருப்பதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். இன்னொன்று, இந்த நாட்டு ஈரம். காற்றில் ஈரப்பதம் எழுபத்தைந்து, எண்பது விழுக்காட்டைத் தாண்டும்போது லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் லாக்கருக்குள் சிக்கிக்கொள்ளும். மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாங்கள் மத்தியானம் இரண்டு மணி நேரம்தான் அடிப்போம்.

பிறகு சிங்கப்பூர். கோல்மன் தெருவில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் என்று ஒரு கட்டடம், மாடிக்கு மாடி கித்தார்க் கடைகள். அந்த வட்டாரத்தில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் ஐந்து வருஷம் இருந்தேன். பிரெட் பிடுங்குவது, நட் எலும்பு செதுக்குவது, கழுத்து நிமிர்த்துவது எல்லாம் அவர் கொடுத்தது. பிரெட்டைப் பிடுங்கும்போது முதலில் ஈயப்பற்று இரும்பால் சூடு காட்ட வேண்டும். பச்சையாக இழுத்தால் அதன் பற்கள் ஈட்டி மரத்தின் சிலாம்புகளையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நட்டுக்கு மாட்டுக் கால் எலும்பு. கொழுப்புப் போக நாள்கணக்கில் ஊறவைத்து வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பானை வீட்டு வாசற்படி ஏறியதில்லை. வேலிக்கு வெளியே செங்கல் அடுப்பு, அதற்கென்று தனி அகப்பை. அம்மாவின் மனசுக்கு அது சரி, எனக்கும் அதில் வருத்தமில்லை.

1993இல் ரெங்கத்துக்குத் திரும்பிப் பட்டறை போட்டேன். அடுத்த வருஷம் நடந்ததுதான் இந்தக் கட்டுரையே.

லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா ஒரு காப்போக் கித்தாரைக் கைலியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. "தம்பி, அவரு வாசிச்சது. நல்லா பண்ணிக் குடுங்க. மவன் வாசிக்கணும்." பாலம் மேற்பலகையை விட்டுத் தூக்கியிருந்தது, ஆறு சாவிகளில் இரண்டு சுற்றவில்லை, பிரெட்டெல்லாம் பள்ளம். அதையெல்லாம் சரிசெய்தேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கை ஊறியது. தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் மெருகு போட்ட கை. மேற்பலகையை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கறுப்புமாகச் சாயம் கொடுத்து, பத்துக் கை லாக்கர் ஏற்றிக் கண்ணாடிபோல் ஆக்கினேன். அதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை.

அவர் வந்து வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு மேல் விளிம்பில், வாசிப்பவரின் வலது முழங்கை படிகிற இடத்தில், உள்ளங்கையை வைத்துத் தடவினார். இரண்டு முறை தடவினார். "இங்க ஒரு தேச்சல் இருந்துச்சே தம்பி" என்றார். கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். நான் அதை எடுத்துவிட்டதாகச் சொன்னேன். "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லி, முடிச்சிலிருந்து அறுபது வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு, அதே கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இருபது வருஷம் ஒருவர் கை உரசி உரசிச் செய்ததை நான் ஒரு சாயங்காலத்தில் உப்புத்தாளால் எடுத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அன்றைக்கு வழி தெரியாது. இன்றைக்குச் செய்யத் தெரியும், ஆனால் நான் செய்தால் அது என் கையின் வேலை, அவர் கணவருடையது ஆகாது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழைய கித்தார் எது வந்தாலும் முதலில் மேசையில் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய எண்ணெய்த்தாளை மேலே விரித்து, தேய்ந்த இடங்களையெல்லாம் பென்சிலால் பிரதி எடுப்பேன். லாக்கர் போன எல்லை ஒரு கோடு, சாயம் போன எல்லை இன்னொரு கோடு, மரமே தேய்ந்த இடத்துக்குக் குறுக்குக் கோடுகள். முன், பின், விளிம்பு, கழுத்து, தலை. யாருடையது, என்ன வேலை பார்த்தவர், நின்று வாசித்தாரா உட்கார்ந்தா என்று கேட்டு ஓரத்தில் எழுதிவைப்பேன். சுருட்டிச் சுருட்டி அட்டைக் குழாய்களில் போட்டது, இப்போது முந்நூறுக்கு மேல் இருக்கிறது.

அந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்கள் தெரிவார்கள். மேடையில் நின்று வாசித்தவருடைய கித்தாரின் முதுகில் பெல்ட் வார்ப்பூட்டு கடித்த தழும்பு நடுவில் கொத்தாக இருக்கும். தோட்டத்தில் சாயங்காலம் கைலி கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து வாசித்தவருடையதில் அந்தத் தழும்பே இருக்காது. அதற்குப் பதில் இடுப்பு வளைவின் கீழ் விளிம்பு, தொடையில் உட்காருகிற இடம், வேர்வையில் மங்கி வழவழப்பாக இருக்கும். முதல் மூன்று பிரெட் மட்டும் பள்ளமென்றால் பாடிக்கொண்டே தாளம் போட்டவர். சந்தனமும் குங்குமமும் தலைப் பலகையின் துளைகளில் படிந்திருந்தால் ஆயுத பூஜைக்கு ஆயுதங்களோடு கித்தாரையும் வைத்த வீடு. பால்வெட்டுக்காரரின் கித்தாரில் விளிம்போரம் பழுப்பாக ஒரு படலம் இருக்கும், நகத்தால் சுரண்டினால் ரப்பராக உருளும். இரண்டு மூன்று வாரத்தில் கம்பி துருப்பிடிக்கிற ஊர் இது. துருப் போகத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது விரற்பலகையில் காறி, கறுத்து, பூசணத்தோடு சேர்ந்து அடையாக நிற்கும். அதை மட்டும் நான் எடுத்துவிடுவேன். அடை மரத்தைத் தின்னும், தேய்மானம் தின்னாது. எனக்கு எல்லை அங்கேதான். கித்தாரைக் கெடுப்பது எதுவோ அதைத் தொடுவேன். வாசித்ததால் வந்ததைத் தொட மாட்டேன்.

ஈட்டி மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விரற்பலகைக்கும் முதுகுக்கும் உலகம் பூராவும் விரும்புகிற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது, 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017 ஜனவரியில் ஈட்டிக் குடும்பத்து மரங்கள் மொத்தமும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு ஒரு கித்தாரை விற்று அனுப்பவும் காகிதம் தேவைப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது 2019 கடைசியில். அந்த மூன்று வருஷம் உடைந்த விரற்பலகைத் துண்டுகளைக்கூட நான் எறியவில்லை. தொட்டால் அது என்ன மரம் என்று விரலுக்குத் தெரியும். அறுக்கும்போது ரோஜாப்பூவும் மிளகும் கலந்ததுபோல ஒரு வாசம்.

இங்கே இன்னொரு மரம் இருக்கிறது, ரெங்காஸ். நெஞ்சு மரம் ரத்தச் சிவப்பு, கறுப்பு வரி. பார்த்தால் ஆசை வரும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மாவும் முந்திரியும் அதன் உறவுக்காரர்கள். சீனரும் ஜப்பானியரும் பாத்திரத்துக்குப் பூசுகிற அரக்கும் அதே குடும்பத்து மரத்தின் பால்தான். ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பலகை கொண்டுவந்தார், நானும் ஆசைப்பட்டு அறுத்தேன். ஒரு வாரம் கண் திறக்க முடியவில்லை.

பழசாக்கும் வேலை என்னிடம் 2006இல் வந்தது. ஜொகூர் பாருவில் இரவு விடுதிகளில் வாசிக்கும் தம்பி ஒருவர் புது எலெக்ட்ரிக் கித்தார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "அண்ணே, இத பழசாக்கித் தர முடியுமா?" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தேய்ந்ததைப் புதுசாக்கி ஒரு பாவம் செய்தேன், புதுசைத் தேய்த்து இன்னொன்றா? அவர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். அமெரிக்காவில் இது அப்போதே பத்து வருஷத் தொழில். ஃபெண்டர் நிறுவனம் 1987இல் தொடங்கிய கஸ்டம் ஷாப் பிரிவு, 1995இல் ரெலிக் என்ற பெயரில் பழசாக்கிய கித்தார்களை வெளியிட்டது. மிசௌரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ என்பவர் உடல்களையும் கழுத்துகளையும் தன் பட்டறையில் முதுமையாக்கி அனுப்பினார். 1999 வரை அந்த வேலை அவரிடம் இருந்தது. கிப்சன் பக்கம் டாம் மர்ஃபி சவர அலகால் லாக்கரில் கோடு கீறும் கலையை வளர்த்தார். 2021இல் அவர் பெயரிலேயே அந்த நிறுவனம் ஒரு பிரிவைத் திறந்தது.

எனக்கு மனசு மாறியது அந்தத் தம்பி சொன்ன ஒரு வார்த்தையால். "பாக்குறதுக்கு இல்லண்ணே. கழுத்து கைக்குள்ள வந்து உக்காரணும்." அவர் சொன்னது சரி. புதுக் கழுத்தின் விரற்பலகை விளிம்பு கத்திபோல் நிற்கும். பல வருஷம் உள்ளங்கை உரசி உரசி அது உருண்டுவிடும். கம்பியை ஏறி இறங்கும் விரல்கள் பிரெட் முனைகளையும் மழுக்கிவிடும். கழுத்தின் முதுகில் லாக்கர் போய், வேர்வையும் எண்ணெயும் மரத்தில் இறங்கி, பட்டுப்போல் இருக்கும். பழைய கித்தாரை எடுத்ததும் வாசிக்கத் தோன்றுவதற்கு அதுதான் காரணம். சின்ன அரமும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு அதை மூன்று நாளில் செய்ய முடியும். செய்ததில் எனக்குக் கூச்சம் இல்லை. வயதை விட வசதியைத்தான் அந்த வேலையில் செய்து கொடுக்கிறேன்.

உடலுக்கு வந்தபோதுதான் அட்டைக் குழாய்கள் உதவின. தொழில் தெரியாதவர்கள் பழசாக்கிய கித்தார்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. எந்திரத்தால் விளிம்பெல்லாம் ஒரே அளவில் தேய்த்து, சாவிக்கொத்தால் முகத்தில் குத்தி, ஒரு நாய் கடித்ததுபோல் இருக்கும். ஏன் அங்கே தேய்ந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. நான் ஒரு கித்தாரைப் பழசாக்கும் முன், அது யாரிடம் இருந்திருக்கும் என்று முடிவுசெய்துகொள்வேன். வலது கைக்காரர், நின்று வாசிப்பவர், பிக்கைக் கொஞ்சம் கீழே பிடிப்பவர், வாரம் மூன்று இரவு மேடை, கித்தாரை எப்போதும் ஆம்ப்ளிஃபயர்மேல் சாய்த்துவைத்து அதன் தலை இடிபடும் பழக்கம் உள்ளவர். அப்படிப்பட்ட நாலு பேருடைய தாள்களை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு தொடங்குவேன். முழங்கைத் தேய்மானத்துக்கு உப்புத்தாள் மட்டும் போதாது. கடைசிக் கட்டத்தில் பழைய டெனிம் துணியை என் முழங்கையில் சுற்றிக்கொண்டு, கித்தாரை மாட்டிக்கொண்டு, உண்மையாகவே வாசிக்கிற அசைவில் உரசுவேன். எல்லை அப்போதுதான் மங்கலாக, சரியாக விழும். அயர்லாந்துக்காரர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேர்வை ஒரு கித்தாரை எவ்வளவு தின்னும் என்று. 1963இல் கார்க் நகரில் நூறு பவுண்டுக்கு அவர் வாங்கியது. சாயம் மிச்சமிருந்தது அங்கங்கே தீவுபோலத்தான்.

பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேயிலை. போ தேயிலையைக் கறுக்கக் கொதிக்கவிட்டு, இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் உள்ளே போட்டுப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பி 1938இலிருந்து பேர்போனது, அதில் போட்டால் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இங்கே கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், தேயிலைதான் நல்லது. உலோகத்துக்கு அப்பாவின் சுக்கா கெத்தா. மூடியுள்ள வாளியின் அடியில் ஒரு மங்கு, மங்கில் சிறிது அமிலம், மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்ட திருகுகளும் பாலத் துண்டுகளும். அமிலம் தொடக்கூடாது, ஆவி மட்டும் படவேண்டும். அரை மணிக்கு ஒரு முறை பார்த்து, போதும் என்றதும் சோடா உப்புத் தண்ணீரில் அலசினால் வேலை நிற்கும். திறந்த வெளியில், முகமூடி போட்டு, காற்று எதிர்ப்புறம் போகும் நேரத்தில் செய்வேன். அந்த நெடி எழும்போது எனக்குப் பால் ஸ்டோர் வாசலில் அப்பா நிற்பார்.

சில கித்தார்கள் பழசாக மறுக்கும். 1968 வாக்கில் ஃபெண்டரே பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது. இன்று மலிவாகக் கிடைப்பதெல்லாம் அந்த வகைதான். அது மெல்லத் தேயாது, கண்ணாடிச் சில்லாகப் பெயரும். சூட்டுக் காற்றால் முழுவதும் உரித்து, நைட்ரோ லாக்கர் அடித்தால்தான் கதை ஆரம்பம். லாக்கரிலும் நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கும் பொருள் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பிறகும் அது அசையாமல் படுத்திருக்கும்.

இந்த வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். கழுத்து வந்து உடலில் பொருந்துகிற குழிக்குள், கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில், சூட்டுக்கோலால் எழுதுவேன்: 'பழசாக்கியது, ரெங்கம்', கீழே வருஷம். ஒரு சமயம் ஒருவர் காரில் வந்து இறங்கினார். கையில் 1970களின் ஜப்பான் கித்தார், நல்ல நிலையில் இருந்தது. அதை 1960களின் அமெரிக்கக் கித்தாராக்க வேண்டும். தலைப் பலகையின் எழுத்து, எண் எல்லாம் அவர் கொண்டுவருவார், தேய்மானம் மட்டும் என் பொறுப்பு. மேசைமேல் 1,800 ரிங்கிட் வைத்தார். நான் தாள்களை எடுத்து விரிக்கவும் தொடங்கிவிட்டேன். அப்போது, "அந்தக் குழியில மட்டும் எதுவும் எழுதிடாதீங்க மாஸ்டர்" என்றார். தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டேன். அந்தத் தாள்களில் இருப்பது கிராணி மகன், லாரி ஓட்டியவர், பள்ளிக்கூட ஆசிரியர், லாயாங் லாயாங் அம்மாவின் கணவரைப்போல் பெயர்கூட எனக்குத் தெரியாதவர்கள். அவர்கள் வாசித்து வாசித்து உண்டாக்கியதை, யாரோ ஒருவரை ஏமாற்ற இரவல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பணத்தை அவர் எடுத்துக்கொண்டு போனார். ஜப்பான் கித்தார் என்றால் இளப்பம் என்று இன்னும் நினைக்கிறார்களே என்றுதான் அதைவிட வருத்தமாக இருந்தது. அந்தக் கித்தார் தன் பெயரிலேயே நல்ல கித்தார்.

ஒரே ஒரு முறை வீணை வந்தது. தஞ்சாவூர் வீணை, ஜொகூர் பாருவில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் அம்மையாருடையது. காரின் பின்பக்கத்தில் வெயிலில் வைத்துவிட்டதால் மெழுகு இளகி, இருபத்துநாலு மெட்டுகளும் சாய்ந்திருந்தன. மேளம் கட்டத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. எனக்குத் தெரியாது என்று சொல்லி, மெட்டுகள் நகராமல் கட்டி மட்டும் கொடுத்தேன். ஆனால் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்தால், தளர்ந்தால், மெழுகை எடுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே நினைத்துச் செய்த கருவி. கித்தாருக்குப் பிரெட் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நினைவுக்கு வரும். உடல் பலா மரம். நம்மூர் மலாய்க்காரர்கள் ஜப்பின் ஆட்டத்துக்கு வாசிக்கும் காம்புஸையும் பலாவில் செய்வதுண்டு. பக்கத்துக் கம்பத்தில் காம்புஸ் வாசிக்கும் பாக் சிக் ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். வீணையின் குடத்தை விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு, "நங்கா" என்று பலாவின் மலாய்ப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது மேசையில் இருப்பது யமஹா எஃப்ஜி 180, சிவப்பு லேபிள். 1966இல் வெளிவந்த வரிசை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருடையது. ஒற்றைத் தண்டவாளக் காலத்தில், எதிர் ரயிலுக்காகக் காத்திருந்த இரவுகளில் வாசித்தது என்கிறார். கீழே விழுந்து தலை முறிந்திருந்தது. முறிவு நீளவாட்டில் இருந்ததால் பசை நன்றாகப் பிடித்துவிட்டது. அழுத்திக் கட்டி ஒரு வாரம் ஆகிறது. பேத்தி வாசிக்கப்போகிறாளாம். மேல் விளிம்பில் கையகலத்துக்குத் தேய்மானம், உட்கார்ந்து வாசித்தவருடையது, நானே எதிர்பார்த்ததைவிட ஒரு விரல்கடை பின்னால் தள்ளி. ஏன் என்று கேட்டேன். முன்பக்கம் மேசையில் சமிக்ஞைப் புத்தகம் விரித்திருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே சாய்ந்து வாசிப்பேன் என்றார். தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இனி பாக்கி, முறிவின்மேல் நாலு கை லாக்கர். டிசம்பர் மழை விட்டபாடில்லை. சுவரில் தொங்கும் ஈரமானி நேற்று 91, இன்று காலை 88. ஐயா தினமும் சாயங்காலம் குடையோடு வந்துவிடுகிறார். கம்பியில்லாத கித்தாரை வாங்கி மடியில் வைத்து, முழங்கையை அந்த இடத்தில் போட்டு, கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, "அவசரமில்ல தம்பி, காயட்டும்" என்று எழுந்து போகிறார்.